டவர் பேசவில்லை

கொக்கரக்கோ... அதுவும் காதுக்குள்ளேயே புகுந்து கூவியது மாதிரி, அதற்கு ஒரு நொடி முன்னால் படார் என்று ஒரு அடி, இருக்கை கீழே போய்விட்டது, நான் மேலேயே நின்றேன், பெல்ட் தோளை அறுத்தது, பின்னால் மீன் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சரி, மலை முகட்டில் வழக்கமாக வாங்கும் குட்டுதான், சியரா மாத்ரே யாரையும் சும்மா அனுப்பாது. கடற்கரைப் பக்கத்திலிருந்து இந்த ஆறு இருக்கை விமானத்தைத் தினம் இழுத்துக்கொண்டு வருகிறவளுக்கு இது புதிதா என்ன, கைகள் தாமாகவே நேராக்கிவிட்டன, இறக்கை சமம், உயரம் சரி, எஞ்சின் சத்தம் மாறவில்லை... ஆனால் ஏதோ ஒன்று இல்லை. எது இல்லை? குரல். கவாயான் விமான நிலைய டவரிலிருந்து எஃப்ரேன் காற்றைச் சொல்லிக்கொண்டிருந்தான், வடகிழக்கு, பத்து நாட், ஓடுபாதை ஈரம், உனக்கு முன்னால... அந்த 'முன்னால'வோடு அறுந்துவிட்டது. எனக்கு முன்னால் என்ன, எஃப்ரேன்?

"என்ன கேப்டன், முகம் இப்படி ஆயிடுச்சு? மேயர் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டாரா?" என்று கத்தினார் பக்கத்து இருக்கையில் மனோங் டியோனிங். எங்கள் பக்கம் அண்ணன் என்றால் மனோங், அக்கா என்றால் மனாங்; மேயர் என்பது அவருடைய சண்டைச் சேவல். ஞாயிற்றுக்கிழமை டவுனில் பந்தயம். கடற்கரையில் ஏறும்போதே தகராறு, ஆளையும் எடை போட்டாயிற்று, சேவலையும் கூடையோடு எடை போட்டாயிற்று, கூடை பின்னால் பெட்டிகளோடு போகட்டும் என்றேன், மனிதர் தராசை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். பந்தயத்துக்குப் போகும் சேவல் போகிற திசையைப் பார்த்தபடிதான் போக வேண்டுமாம், முதுகு காட்டிப் போனால் களத்திலும் முதுகு காட்டுமாம், அந்தக் கரையில் இதை மறுத்துப் பேச ஒரு ஆள் கிடையாது, பாதிரியார்கூடத் தன் சேவலை அப்படித்தான் அனுப்புவார். மழைக்கு முன்னால் கிளம்பினால் போதும் என்று விட்டுக்கொடுத்தேன். இப்போது மேயர் முன் இருக்கைக்கும் கருவிப் பலகைக்கும் நடுவே பிரம்புக் கூடைக்குள் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, எனக்குச் சமமாக முன்னால் பார்த்துக்கொண்டு வருகிறார்.

"டவர், கேட்குதா?" இல்லை. மறுபடி. இல்லை. இரைச்சல்கூட இல்லை, காதில் பஞ்சடைத்த மாதிரி ஒரு வெறுமை, பதற்றப்படாதே நொயெமி, முதலில் எளிய தப்பு, சத்தம் வைக்கும் குமிழ், சரி, காது மாட்டியின் வயர், பிடுங்கிச் செருகு, சரி, ஃப்யூஸ், சரி, வேறு அலைவரிசை, அங்கேயும் பஞ்சு, திரும்பப் பழையதுக்கே வா. இந்த ரேடியோ என்னைவிட மூத்தது, பேசும்போது எரிய வேண்டிய அதன் சின்ன விளக்கு போய் எத்தனையோ நாள் ஆயிற்று, கேட்டால் கம்பெனியில் அடுத்த மாதம் என்பார்கள். கையில் பிடித்து, பொத்தானை அமுக்கிப் பேசும் மைக் ஒன்று உண்டே... அது கொக்கியில் இல்லை, அதன் சுருள் வயர் கூடைக்குப் பின்னால் போய் மறைகிறது. "மனோங், கூடையைக் கொஞ்சம் நகத்துங்க." அவர் கை வைத்ததுதான் தாமதம், மேயர் இறக்கையை விரித்து அடித்த அடியில் கூடை மூடி எகிறி, ஒரு சிவப்பு இறகு என் கண்ணாடியில் ஒட்டி, விமானம் இடது பக்கம் சாய்ந்தது. "விடுங்க, விடுங்க! தொடாதீங்க!" போதும். கேட்கும் பக்கமே செத்துப்போன பிறகு இன்னொரு மைக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சேவலோடு மல்லுக்கட்டிக்கொண்டு யாரும் விமானம் இறக்க முடியாது.

ஆக, நிலைமை இது. பின்னால் முகட்டை மேகம் மூடிவிட்டது, கடற்கரைக்குத் திரும்ப முடியாது. மேற்கே ககாயான் ஆற்றுக்கு அப்பால் மழை சாம்பல் சுவர் மாதிரி வந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒரே ஓடுபாதை, அதில் எனக்கு முன்னால் யாரோ. யாராக இருக்கும், மணிலாவிலிருந்து வருகிற ஜெட் விமானம்தான், இது அவன் நேரம், அவன் எந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறான் என்று எஃப்ரேன் சொன்னால்தான் எனக்குத் தெரியும், அவன் என்னைப் பார்ப்பானா, அத்தனை வேகத்தில் வருகிறவனுக்கு நான் ஒரு தட்டான் பூச்சி. ரேடியோ போயிற்று என்பதற்கான எண்ணை சிக்னல் கருவியில் திருகி வைத்தேன், ஏழு, ஆறு, பூஜ்யம், பூஜ்யம், யாராவது திரையில் பார்த்தால் சரி. அதற்கப்புறம் பாடம் சொல்வது எளிது, டவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் போ, வட்டமடி, விளக்கைப் பார். டவரில் ஒரு விளக்குத் துப்பாக்கி இருக்கும். சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்று, பச்சை என்றால் இறங்கு. பரீட்சையில் எழுதியிருக்கிறேன், முழு மதிப்பெண்... வானத்தில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

"அந்த ஆளு எங்க?" என்றார் மனோங் டியோனிங். "எப்பவும் ஒருத்தன் உன்கூடப் பேசிக்கிட்டே வருவானே, போன மாசம் நான் வந்தப்போகூட, நீ அப்பப்போ தனியாச் சிரிச்சியே, அந்த ஆளு." நான் சிரித்தேனா? காற்றையும் உயரத்தையும் கேட்டு யாராவது சிரிப்பார்களா? "ரேடியோ போயிடுச்சு மனோங். பயப்படாதீங்க, கண்ணால பாத்து இறங்கிடலாம்." "எனக்கென்ன பயம், நான் முப்பது வருஷமாக் கடல்ல போறேன், மேயருக்குத்தான் கொஞ்சம் கலக்கம்." கலங்கிப் போயிருப்பது யார் என்று அவர் கையிலிருந்த ஜெபமாலை சொன்னது. "உங்க போன் இருக்கா? டவருக்கு அடிக்கலாம்." "இருக்கு. காசு தீந்துபோச்சு. உன்னுது?" என்னுடையது... பின்னால் என் பையில், பைக்கு மேலே நண்டு மூட்டை, மூட்டைக்கு மேலே கருவாட்டுப் பெட்டி. பைலட் போனைக் கையெட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்று தெரியாதவளா நான். காலையில் அதில் எஃப்ரேனிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது, திறக்கவில்லை, திறந்தால் பதில் சொல்ல வேண்டும், அதனால் போனையே மூட்டைக்கு அடியில்... நன்றாக இருக்கிறது நொயெமி, ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்கப் போய் இப்போது வழியையே தொலைத்துவிட்டு நிற்கிறாய்.

நேற்றுச் சாயங்காலம் நூடுல்ஸ் கடையில் கேட்டான். ரேடியோவில் பேசும் எஃப்ரேன் வேறு, எதிரில் உட்காரும் எஃப்ரேன் வேறு. ரேடியோவில் ஒரு எழுத்து பிசகாது, புயல் வந்த அன்றைக்கு மூன்று விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக, காப்பி குடித்துக்கொண்டு பேசுகிற மாதிரிப் பேசி இறக்கினான், எதிரில் வந்தால் சூப்பைக் கொட்டுவான், வார்த்தையைத் தேடுவான், பாதியில் விட்டுவிட்டு முட்டையைத் தின்பான். நேற்றும் எலுமிச்சையைப் பிழிந்து பிழிந்து தோலே மிஞ்சிய பிறகு சொன்னான், தெற்கே ஒரு தீவு டவருக்கு மாற்றல் வந்திருக்கிறது, நாளைக்கு டவரை மூடுகிற நேரத்துக்குள் பதில் எழுத வேண்டும். "இருக்கவா, போகவா? நீ சொல்லு நொயெமி. நீ சொன்னா..." அவ்வளவுதான், முட்டைக்குப் போய்விட்டான். நான் என்ன சொன்னேன்? நூடுல்ஸ் ஆறுது என்றேன். அவன் தலையாட்டினான், ரேடியோவில் சரி, புரிந்தது என்று சொல்வானே, அதே தலையாட்டல். நாளைக்கு என்பது இன்றைக்குத்தான். டவர் மூட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்... அதை எதற்கு இப்போது நினைக்கிறாய், ஜெட்டைப் பார், ஜெட் எங்கே?

கீழே சோள வயல்கள், ஆறு காவி நிறத்தில் வளைந்து கிடக்கிறது, சர்க்கரை ஆலைப் புகைபோக்கி, அதற்கு இந்தப் பக்கம் ஓடுபாதை, ஈரத்தில் மின்னுகிறது. ஓரமாக வட்டம் போட்டேன், இறக்கைகளை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினேன், நான்தான், பார்த்தாயா, எனக்குக் காது கேட்கவில்லை. டவர் ஒரு தீப்பெட்டி அளவு தெரிகிறது, அதன் கண்ணாடியில் வானம்தான் தெரிகிறது, பகலில் ஒரு சின்ன விளக்கை எங்கே தேடுவது... "மனோங், உங்களுக்குத் தூரப் பார்வை எப்படி?" "அலைக்கு அடியில மீன் நிறம் மாறுறதைச் சொல்வேன்." "அந்த வெள்ளைக் கட்டடத்து உச்சியில வெளிச்சம் ஏதாச்சும் தெரியுதா பாருங்க." அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டினார், மேயரும் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினார், மூன்று பேரும் ஒரு தீப்பெட்டியை முறைத்துக்கொண்டு... "சேப்பு!" என்று கத்தினார், "சேப்பு கேப்டன்! மாதுளை முத்து மாதிரி!" ஆமாம், சிவப்பு, விட்டு விட்டு எரியாமல் நின்று எரியும் சிவப்பு, வழி விடு, சுற்று. அவன் என்னைப் பார்த்துவிட்டான். இன்னும் இறங்கவில்லை, ஆனாலும்... அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இறக்கையை ஆட்டினேன், சரி, புரிந்தது. வலது பக்கம் வயலுக்கு மேல் விலகிய அதே நேரம் மேகத்துக்குள்ளிருந்து மணிலா ஜெட் வெளியே வந்தது, வயிறு வெள்ளையாக, சக்கரங்கள் தொங்க, நான் போயிருக்க வேண்டிய பாதையிலேயே. உனக்கு முன்னால. ஆமாம் எஃப்ரேன், பார்த்துவிட்டேன்.

"சண்டையா?" என்றார் மனோங் டியோனிங். "யாரோட?" "அந்த ஆளோட. ரேடியோ போறது எல்லாம் சும்மா இல்ல, எங்க வீட்டுலயும் அப்பப்போ போகும், நான் அரிசி வாங்கிக்கிட்டுப் போனா சரியாயிடும்." இந்த மனிதர் பயத்தில் பேசுகிறார், பேச விட வேண்டும், பயந்த ஆள் பேசாமல் இருந்தால்தான் ஆபத்து, எதையாவது பிடித்து இழுப்பார். அதனால்தான் பதில் சொன்னேன், வேறு ஒன்றும் இல்லை. "சண்டை இல்ல மனோங். அவன் ஒண்ணு கேட்டான், நான் பதில் சொல்லல." "என்ன கேட்டான்?" "ஊரை விட்டுப் போகவா, இருக்கவான்னு." "நீ என்ன சொன்ன?" "நூடுல்ஸ் ஆறுதுன்னு சொன்னேன்." அவர் சிரித்த சிரிப்பில் ஜெபமாலை கீழே விழுந்தது. "அடிப் பாவி! மேயருக்கு இருக்கிற தைரியம் உனக்கு இல்லையே!"

தைரியம் இல்லை என்று யார் சொன்னது, இந்த முகட்டைத் தினமும் தாண்டுகிறவளைப் பார்த்து... ஆனால் முன்பு நான் காதலித்த ரொடெல் ஜெட்டாவுக்கு வேலைக்குப் போனபோது இரு என்று நான் கேட்கவே இல்லை, போ என்றேன், சம்பாதித்துக்கொண்டு வா என்றேன், முதலில் தினமும் பேசினான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் கிறிஸ்துமஸ், அப்புறம் ஒரு நாள் பாதிப் பேச்சில் லைன் அறுந்தது, அறுந்தது அறுந்ததுதான். குரல் நின்றுபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எந்தக் குரலையும் வீட்டுக்குள் விடாமல் இந்தக் காது மாட்டியிலேயே வைத்துக்கொண்டேனோ? வேலை நேரத்தில் மட்டும் வரும் குரல், குமிழைத் திருகினால் போய்விடும் குரல், அது போனாலும் எனக்கு ஒன்றும் ஆகாது என்று... இதோ போய்விட்டதே, ஒன்றும் ஆகவில்லையா? கொஞ்ச நேரம்தான் ஆகிறது, அதற்குள் இந்தக் காது எதைத் தேடுகிறது?

"பச்சை!" என்றார் மனோங். பச்சைதான். நின்று எரியும் பச்சை. ஜெட் ஓடுபாதையை விட்டு ஒதுங்கிவிட்டது, மழைச் சுவர் ஆற்றைத் தாண்டிவிட்டது, இப்போது விட்டால் இல்லை. இறக்கையை ஆட்டு, வேகத்தைக் குறை, இறக்கை மடல்களை இறக்கு, ஒரு படி, இரண்டு படி, மூக்கு கொஞ்சம் கீழே, ஈரப் பாதை, பிரேக்கை மிதிக்காதே, தடவு. "இறங்கப் போறோம், மாலையை எடுத்துக்கங்க." "எடுத்துட்டேன். நீயும் சொல்லிடு." "என்ன சொல்லணும்?" "அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டியதை. இங்க யாரு இருக்கா, நானும் மேயரும்தானே. உள்ள வச்சுக்கிட்டு இறங்காத, விமானம் கனக்கும்." என்ன மனிதர் இவர், ஓடுபாதை கண்ணுக்கு நேரே அகலமாகிக்கொண்டே வருகிறது, கைகள் தம் வேலையைச் செய்கின்றன, வாய் சும்மாதான் இருந்தது, எஞ்சினை மிஞ்சிக் கத்தினேன், "அவன் குரல் இல்லாம எனக்கு இறங்கத் தெரியும் மனோங்! நல்லாத் தெரியும்! இப்பப் பாருங்க, இறக்கிக் காட்டுறேன்!" "சரி, அப்புறம் என்ன?" "ஆனா வேண்டாம். அப்படி இறங்க வேண்டாம் எனக்கு. போகாதடான்னு சொல்லியிருக்கணும், சொல்லல, போகாத எஃப்ரேன், இங்கயே இரு, அவ்வளவுதான், போதுமா!" மேயர் கூவினார். அந்த நேரத்தில்தான், அத்தனை நேரம் ஆணி அடித்த மாதிரி நின்ற பச்சை ஒரு கணம் ஆடியது, கீழே சரிந்து, டவர் சுவரில் பட்டு, மறுபடி மேலே வந்து என்னைப் பிடித்தது. கை வலித்திருக்கும் பாவம், அந்த விளக்கு கனமாக இருக்கும்.

சக்கரம் தொட்டது. தொட்டது கூடத் தெரியவில்லை, ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போன மாதிரி, அப்புறம் மெல்ல மெல்லக் கனம் இறங்கி, பிரேக்கைத் தடவித் தடவி... நின்றோம். கண்ணாடியில் முதல் மழைத்துளி அப்போதுதான் விழுந்தது. மனோங் டியோனிங் என் தோளில் அடித்தார், அழுதார், தான் அழவில்லை என்றார், மேயரைப் பார்த்து நீதான் காப்பாற்றினாய் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு, இறங்கியதற்கா, சொன்னதற்கா? சொன்னதாவது, ஒரு சேவலுக்கும் மீனவருக்கும் சொன்னது கணக்கில் வருமா... ஆனாலும் வாய் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டது, இரண்டாவது தடவை அத்தனை கஷ்டமாக இருக்காது, விமானத்தை நிறுத்திவிட்டு நேரே டவர் படி ஏறிவிடலாம், மூடுவதற்குள். ஏறுவேனா? நூடுல்ஸ் கடையில் வாய் வராதவள்?

பச்சை விட்டு விட்டு எரிந்தது, நகரலாம். ஒதுங்கி நின்ற ஜெட்டைக் கடந்து போகும்போது அதன் கண்ணாடிக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், ஒருவன் நெஞ்சில் வேறு கை வைத்துக் காட்டினான், ரேடியோ இல்லாமல் இறக்கியதற்கு இத்தனை மரியாதையா, மணிலாக்காரர்கள் நல்லவர்கள்தான். தீயணைப்பு வண்டி கூடவே வந்தது, அதன் மேலே நின்றவர்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், சந்தோஷம் இருக்க வேண்டியதுதான், அதற்காக ஒருவரையொருவர் இடித்துக்கொண்டா? எங்கள் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ரேடியோ சுவிட்சை அதற்கு முன்பே அணைத்திருக்க வேண்டும், செத்ததை எதற்கு அணைப்பது என்று விட்டுவிட்டேன். காற்றாடி நின்றது. எவ்வளவு அமைதி, மழை மட்டும் இறக்கை மேல் தாளம் போடுகிறது.

மெக்கானிக் வில்மோர் குடையோடு ஓடி வந்து கதவைத் திறந்தான். இடுப்பில் அவனுடைய கை ரேடியோ. முகத்தில் அதே சிரிப்பு, காதுவரைக்கும். "மனாங், சுகமா இறங்கிட்டீங்க" என்றான், என்னைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு. இவனிடம் எப்படிக் கேட்பது, சாதாரணமாகக் கேட்பது மாதிரிக் கேட்க வேண்டும், ஜெட்டுக்கு இடைஞ்சல் ஆனதற்காக என்பது மாதிரி. "எஃப்ரேன் கோவமா இருக்கானா வில்மோர்?" என்றேன்.

"...கோவமா இருக்கானா வில்மோர்?" என்றது அவன் இடுப்பு. என் குரல், கொஞ்சம் தகரமாக, கொஞ்சம் பின்தங்கி, கடைசியில் ஊய்ய் என்று ஒரு ஊளையோடு. மேயர் திடுக்கிட்டுக் கூவினார், வில்மோரின் இடுப்பிலிருந்து இன்னொரு மேயரும் கூவினார். நான் அவன் இடுப்பைப் பார்த்தேன், அப்புறம் கருவிப் பலகையில் காலியாக இருந்த கொக்கியை, கூடைக்குப் பின்னால் போய் மறையும் சுருள் வயரை, முகட்டில் விழுந்த அந்தக் குட்டிலிருந்து மைக்கின் பொத்தானைப் பலகையோடு அழுத்திக்கொண்டே வந்த பிரம்புக் கூடையின் அடியை, பொத்தான் அமுங்கியிருக்கும்வரை நான் பேசுவதுதான் வெளியே போகும், எனக்கு எதுவும் வராது... வாயைப் பொத்திக்கொண்டேன், இனிமேல் பொத்தி என்ன?

வில்மோர் குடையை என் பக்கம் சாய்த்தான், இப்போது அவன் சிரிக்கவில்லை. "கூடையைக் கொஞ்சம் பின்னால இழுங்க மனாங்," என்றான் மெதுவாக, "மனோங் எஃப்ரேன் உங்களுக்குப் பதில் சொல்லணும்னு அப்பலேர்ந்து காத்துக்கிட்டிருக்காரு."